திருக்கைத் தோல் பூட்டிய சீனப் பிடில்

இன்று காலை ஆற்றுமுகத்தில் கவிழ்த்துப் போட்டிருக்கும் தோணிக்குக் குங்கிலியம் காய்ச்சினார்கள். புகை நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தது. எண்ணெயும் குங்கிலியமும் சேர்ந்து கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறியதும், நீதான் வருகிறாய் என்று எழுந்துவிட்டேன். என் சட்டி கொதிக்கிற இடத்துக்கெல்லாம் வந்து நிற்பாயே, "ஒரு கட்டி தாலே, வில்லு வழுக்குது" என்று பிடில் வில்லுக்குப் பூசக் கையை நீட்டிக்கொண்டு. எழுந்த பிறகுதான் நீ போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்ப உட்கார்ந்து, காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தேன்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. உபதேசியாரின் மகள் மாதா கோயிலுக்குப் பின்னால் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருஷம் நானும் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி மூன்று நாள் சிரித்தாள். தோணி இடுக்கில் பஞ்சை அடித்து அடித்துப் பழகிய கை, எழுத்தையும் அப்படியே அடிக்கிறது என்கிறாள். அதுவும் உண்மைதான். ஒரு நாளைக்கு நாலு வரி எழுதுவதற்குள் பென்சில் இரண்டு முறை முறிகிறது. ஆனாலும் இந்த நாலு வரியும் என்னுடையது. உனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அதை முறையாகச் சொல்லவேண்டும்.

நீ பினாங்கிலிருந்து திரும்பி வந்தபோது நம் இருவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. தூத்துக்குடியில் கப்பலை விட்டிறங்கி, தோணியில் ஏறிப் புன்னக்காயலுக்கு வந்தாய். முப்பது வருஷம் அங்கே கோயிலில் பிடில் வாசித்தவன், பட்டும் குடையும் கொண்டுவருவான் என்று ஊரே கரையில் நின்றது. உன் கையில் இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. ஒன்றில் பிடில். இன்னொன்றில் மூங்கில் கம்பு ஒன்று, அதன் அடியில் ஒரு சிறு மரக்குடுவை, குடுவையின் முகத்தில் செதில் செதிலாகத் தோல், கம்பின் உச்சியிலிருந்து குடுவை வரை இரண்டே நரம்பு. வில்லின் மயிர் அந்த இரண்டு நரம்புக்கும் நடுவில் மாட்டிக் கிடந்தது. "என்னவே இது, தேங்காய் துருவுத சாமானா?" என்று உபதேசியார் கேட்டார். நீ கோபப்படாமல் மணலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாய். அடுப்படியில் இருந்த என் வீட்டுக்காரி ஓடிவந்து, யார் வீட்டில் சாவு என்று கேட்டாள்.

அந்தக் கருவியின் கதையைப் பிறகு எனக்கு மட்டும் சொன்னாய். பினாங்கில் உனக்கு விஷக்காய்ச்சல் வந்து கிடந்தபோது, கூட வாசித்தவர்கள் யாரும் கிட்டே வரவில்லை. பக்கத்துக் கடையில் சவப்பெட்டி செய்கிற சீனக் கிழவன் வந்தான். அளவெடுக்கத்தான் வந்தானாம். உடம்பில் சூடு இருக்கிறதைப் பார்த்துவிட்டுக் கஞ்சி ஊற்றினான். நாற்பது நாள் ஊற்றினான். மாலையில் உன் கட்டிலருகே உட்கார்ந்து இந்த இரண்டு நரம்புக் கருவியை வாசிப்பான். நீ எழுந்து நடந்தபோது அதை உன் கையில் கொடுத்துவிட்டான். அன்றைக்கு நீ நம் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாய்: கோயிலில் கற்ற சங்கீதத்தையும் கிழவனிடம் கற்ற சங்கீதத்தையும் சேர்த்து ஒரே பாட்டாகக் கட்டி, ஊர்த் திருவிழாவில் அவள் முன்னால் வாசிப்பேன் என்று.

மூன்று மாதம் அந்தப் பாட்டைக் கட்டினாய். ஆறு கடலில் விழுகிற மணல்திட்டில் முணுமுணுத்துக்கொண்டே நடப்பாய். அப்புறம் நான் வேலை செய்கிற தோணியின் நிழலில் வந்து உட்கார்ந்து, ஐந்து ஐந்தாகக் கோடு போட்ட காகிதத்தில் கொட்டை கொட்டையாகக் குறிப்பாய். எனக்கு எழுத்தே தெரியாது, அந்தக் கொட்டை எப்படித் தெரியும். இங்கே ஆறும் கடலும் கலக்கிற மாதிரி நீ இரண்டையும் கலக்குகிறாயா என்று கேட்டேன். பெரிய கேள்வி கேட்டுவிட்டதாக எனக்கு நினைப்பு.

"கலக்கினா ரெண்டும் கெட்டுப்போவும்லே," என்றாய். "வெள்ளைக்காரன் பாட்டு பலகை மாதிரி. ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குதான். சீனன் பாட்டு பஞ்சுத்திரி மாதிரி, ஒத்தையா நீளமாப் போவுது. பலகை பலகையா இருக்கணும், பஞ்சு பஞ்சா இருக்கணும், நடுவுல தண்ணி ஏறக்கூடாது. நீ செய்யுத வேலையத்தான் நானும் செய்யுதேன்."

இதைக் கேட்டபின் ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. நானும் சங்கீதக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் நடந்ததற்கு அந்த நினைப்புதான் காரணம்.

உபதேசியாரை ஆர்மோனியத்தில் உட்காரவைத்து நீ பழக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் பாவம், நேரான மனுஷர். நீ ஒரு சுரத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறாய், எந்தக் கட்டையில் கை வைப்பது என்று தினம் சண்டை போடுவார். "நீரு நில்லும்வே, நான் வழுக்குதேன். அதுதான் பாட்டு" என்பாய். இருவரும் முறைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். இதற்கிடையே உனக்கு இருமல் வந்தது. துணியில் வாயைத் துடைத்து, நான் பார்க்காதபடி மடித்துக்கொள்வாய். அடுத்த திருவிழாவுக்கு விட்டுவைக்கிற காரியம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று கோயில் வாசலில் ஒத்திகை. கூட்டத்தில் ஒரு பெண் குடுவையின் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, இது மலைப்பாம்பு என்றாள். அவ்வளவுதான். உள்ளே மாதா பாம்பின் தலையை மிதித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் காலுக்குக் கீழே கிடக்க வேண்டியதை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வாசிக்கவா என்று தெருவெல்லாம் பேச்சு. ஊர்த்தலைவரான பட்டங்கட்டி பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் நல்லவர், உன்னைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார்: பிடில் உள்ளே வரட்டும், நேர்ச்சை அதிலேயே நிறைவேறும், மற்றது வெளியே இருக்கட்டும்.

"என்னைப் பிழைக்கவச்சவன வாசல்ல நிறுத்திட்டு, நான் மட்டும் உள்ள போயி நன்றி சொல்லவா, சாமி?" என்று கேட்டாய். அப்படியென்றால் இரண்டும் வேண்டாம் என்று நீ வந்துவிட்டாய்.

மறுநாள் வைத்தியரைப் பார்க்கத் திருநெல்வேலிக்கு வண்டி ஏறினாய். உப்புக்காற்று படாமல் வை என்று கருவியை என்னிடம் கொடுத்தாய். நீ திரும்பி வர மூன்று நாள் ஆகும். மாதாவின் பெரிய திருநாளுக்கு ஏழு நாள் இருந்தது.

நான் யோசித்தேன். பாம்புதானே குற்றம். தோல் வேறாக இருந்தால்? அன்று வலையில் பெரிய திருக்கை மீன் ஒன்று விழுந்திருந்தது. அதன் வயிற்றுத் தோல் வழவழவென்று இருக்கும், காய்ந்தால் முரசு மாதிரி விறைக்கும். நரம்பைத் தளர்த்தி, பாம்புத் தோலை ஈரத்துணி போட்டுப் பைய உரித்து, உப்பில் போட்டு வைத்தேன். திருக்கைத் தோலை இழுத்து ஒட்டிக் காயவைத்தேன். சுற்றிலும் ஒரு நூல் அகலத்துக்குக் குங்கிலியம் பூசினேன். வேலை அவ்வளவு சுத்தமாக வந்தது. அப்போதுதான் குடுவையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. இத்தனை நாள் எப்படி இதைக் கவனிக்காமல் விட்டாய், கப்பலில் தண்ணீர் ஏதாவது உள்ளே போயிருந்தால் என்ன ஆவது என்று எனக்கு உன் மேல் வருத்தம்கூட வந்தது. நாற்பது வருஷமாக ஓட்டையைக் கண்டால் அடைக்கிற கை. பலகை அறுத்து, பஞ்சு வைத்து, குங்கிலியம் ஊற்றி அடைத்தேன். தண்ணீரில் அமுக்கியும் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.

நீ வந்தாய். நான் சிரித்துக்கொண்டே கையில் கொடுத்தேன். நீ திருக்கைத் தோலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், வில்லை இழுத்தாய். பானைக்குள் கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாய்.

"இது மிதக்கும்லே," என்றாய். "பாடாது."

கருவியை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. கிழவன் கொடுத்ததைக் கெடுத்தேன், உன் நேர்ச்சையைக் கெடுத்தேன் என்று உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் விடிந்து நீயே வந்தாய். உளியை எடு, பின்னால் திற என்றாய். அடைத்த பலகையைப் பெயர்த்துத் திறந்தேன். நரம்பை முறுக்கி மறுபடி இழுத்தாய். பாம்புத் தோலில் அது மூக்கால் பேசும். இப்போது நெஞ்சிலிருந்து பேசியது, கொஞ்சம் கரகரப்பாக, எதிர்காற்றில் கூப்பிட்டுப் பழகியவன் தொண்டை மாதிரி. பழைய தோல் உப்பில் பத்திரமாக இருக்கிறது, மாட்டித் தருகிறேன் என்றேன். நீ கேட்கவேயில்லை, வாசித்துக்கொண்டே இருந்தாய்.

"இது அந்தக் கெழவன் குரல் இல்ல," என்றாய் கடைசியில். "ஆனா அவன் இங்கன பொறந்திருந்தா இப்படித்தான் பேசியிருப்பான்."

பாட்டு முழுவதையும் அந்தக் குரலுக்குத் தக்கபடி கீழே இறக்கி எழுதினாய். உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனாலும் மூன்றே நாளில் புதிதாகப் பழகினார். திருவிழா அன்று பட்டங்கட்டி கருவியை வாங்கித் தோலை மோந்து பார்த்தார். கடலில் பிறந்து வளர்ந்தவருக்கு யார் சொல்லவேண்டும். "திருக்கை, வயித்துத் தோலு. நம்ம ஆளுதான்" என்று வழிவிட்டார்.

முதலில் நீ பிடில் வாசித்தாய், கோயிலில் எல்லாரும் கேட்டுப் பழகிய மாதிரி. பிறகு அதைக் கீழே வைத்தாய். ஆர்மோனியம் பலகை பலகையாக அடுக்கிக்கொண்டு அப்படியே நின்றது. அந்த இடுக்குகளில் இரண்டு நரம்பு பைய இறங்கி ஓடியது. எங்கே பலகை முடிகிறது, எங்கே பஞ்சு தொடங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் வேலையல்லவா, எனக்குத் தெரியாதா. ஓர் இடத்தில்கூடத் தண்ணீர் ஏறவில்லை. முடிந்ததும் கோயிலில் யாரும் இருமக்கூட இல்லை, நீயும் இருமவில்லை. வெளியே வரும்போது என் வீட்டுக்காரி உன்னிடம் சொன்னாள்: "சீனத்து மாப்பிள்ளைக்கு நம்ம ஊருத் தொண்டை வந்துட்டு, அண்ணே." நீ அதற்குத்தான் சிரித்தாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாய். ஐப்பசி மழையில், உன் கடைசி வாரத்தில், என்னைக் கூப்பிட்டு இரண்டு நரம்புக் கருவியையும் அதற்கு நீ எழுதிய தாளையும் கையில் வைத்தாய். "படிச்சதுக்கப்புறம் சிரி" என்றாய். படிக்கத் தெரியாதவனைக் கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். உபதேசியாருக்கு அவருடைய தாள் தனியாக இருந்தது, உன் பங்கும் கேட்டுக் கேட்டே அவருக்கு மனப்பாடம், அதனால் இந்தத் தாளை அவர் கேட்டு வாங்கியதில்லை. அவர்தான் இப்போது ஆர்மோனியத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு வருஷாவருஷம் உன் கருவியில் உன் பாட்டை வாசிக்கிறார். வழுக்கக் கற்றுக்கொண்டார். உன்னளவுக்கு இல்லை, ஆனால் பரவாயில்லை. கொடியேறுவதற்கு முன்னால் நான் புதுத் திருக்கைத் தோல் பூட்டிக் கொடுக்கிறேன்.

போன வாரம் பெட்டியைத் துடைத்தபோது உன் தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் கொட்டைதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கடைசிக் கோட்டுக்குக் கீழே நம் எழுத்து இருந்தது. வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன். ஒரு காலை முழுதும் ஆனது.

"தோல்: திருக்கை, வயிற்றுப் பக்கம். வேறு தோல் ஆகாது."

அதற்கும் கீழே:

"பின்னால் இருக்கும் ஓட்டையை எந்தக் காரணத்துக்கும் அடைக்கக்கூடாது. உனக்குத்தான்லே."

நீ சொன்னபடி, படித்த பிறகுதான் சிரித்தேன். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, இந்தக் கிழவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவளுக்கும் வாசித்துக் காட்டினேன், ஒரு எழுத்துப் பிசகாமல்.

இந்த வருஷத் தோலையும் பூட்டிவிட்டேன். பின்பக்கத்தைத் தொடவில்லை. கை அரிக்கத்தான் செய்கிறது.