அமிலேஸ் நிபுணருக்கு ஒரு கிண்ணம் மசாட்டோ

ரெனாத்தோ,

எனக்குத் தேர்வு, வர நான்கு மணியாகும். மதியப் படகில் என் அம்மா நம் அறைக்கு வருகிறாள். நீதான் கதவைத் திறக்க வேண்டும். அடுப்பில் வறுத்த மீன் இருக்கிறது, அவளுக்கும் கொஞ்சம் விட்டு வை.

அம்மா மசாட்டோ கொண்டு வருவாள். கிண்ணத்தை நீட்டினால் வாங்கிக் குடி. போன முறை, "மரவள்ளிய மென்னு துப்பிப் புளிக்க வச்சதா? எச்சில் கஞ்சி எனக்கு வேணாம்" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னாய். எங்கள் ஆற்றோரத்தில் கிண்ணத்தை மறுத்தால் ஆளையே மறுத்த மாதிரி. மூன்று மாதமாக அவள் இந்தப் படியேறவில்லை. இன்றும் மறுத்தாயானால் இனி வரவே மாட்டாள்.

எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்று எழுதி இருபதுக்கு இருபது வாங்கிய மகான் நீ. அம்புக்குறி போட்டுப் படம் வேறு. அதே நொதிதான் உன் வாயிலும் ஊறுகிறது, துரை. தலைநகரத்து லிமாக்காரர்களுக்கென்று தனிச் சரக்கு கிடையாது.

வில்டர்

பி.கு.: நேற்று அம்மா போனில் சொன்னாள்: "அந்த லிமாப் பையனுக்குன்னே ரொம்ப நேரம் மென்னேன்டா. நல்லா இனிக்கும். குடிச்சிருவான்ல?" தாடை இன்னும் வலிக்கிறதாம்.