கண்ட்ரோல்ல இருக்காரு

7, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

அம்மா தூங்கிவிட்டாள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இருக்கிற ஒரே போன் அம்மாவிடம்; பேசும்போது அவள் பக்கத்திலேயே நிற்பதால் எதையும் சொல்ல முடியவில்லை.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி முற்றி, இப்போது ஆஸ்பத்திரியில் இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விடுகிறது. போன வாரம் ஆராய்ச்சி நர்ஸ் வந்து அம்மாவிடம் பேசினார். இப்படி இருப்பவர்களுக்கு ஆக்சிஜனை வழக்கம்போல் கொடுப்பது நல்லதா, கொஞ்சம் குறைத்துக் கொடுப்பது நல்லதா என்று யாருக்கும் தெரியாதாம். அப்பாவை இந்த ஆராய்ச்சியில் சேர்த்தால், எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலமே நர்ஸ் வந்து, "கண்ட்ரோல் வந்திருக்கும்மா" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ட்ரோலுக்கு வந்துட்டாரா" என்று அழுதாள். அதற்குள் யாரோ கூப்பிட, நர்ஸ் ஓடிவிட்டார்.

அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் "கண்ட்ரோல்ல இருக்காரு" என்கிறாள். உன்னிடமும் அதைத்தானே சொன்னாள்? மறுநாளே தையல் கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்கு மனசு கேட்காமல் நர்ஸிடம் தனியாகக் கேட்டேன். கண்ட்ரோல் என்பது வழக்கமான அளவு கிடைப்பவர்களின் குழுவுக்குப் பெயராம். அப்பா தேறுகிறார் என்று அதற்கு அர்த்தமே இல்லை. "ஐயோ, நானே அம்மாக்கு விளக்கிடுறேன்" என்றார். நான்தான், "வேணாம் சிஸ்டர், நான் சொல்லிக்கிறேன்" என்றேன். சொல்லவில்லை. இப்போதுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

அப்பாவின் பாதம் வீங்கியிருக்கிறது. கூப்பிட்டால் இமைகூட அசையவில்லை. பயமாக இருக்கிறது. வந்துவிடு அக்கா. பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடு.

உன்
வானொலி

13, சனி

என் வானொலிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். நானும் ஒரு நர்ஸ்தான். "எப்படிம்மா இருக்காரு?" என்றேன், "கண்ட்ரோல்ல" என்றாள். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். லீவுகூடப் போடாமல் இருந்துவிட்டேன்.

குலுக்கலை நினைத்துப் பயப்படாதேடி. எது நல்லதென்று தெரிந்திருந்தால் குலுக்கியே இருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு யாரும் எதையும் குறைக்கவில்லை.

ஆனால் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அழுவாள்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழட்டும். "வீட்டு ரகசியம் ஊருக்குத் தெரியணும்னா இவகிட்ட சொன்னா போதும், ஒலிபரப்பிடுவா" என்று கேலி செய்துதானே அப்பா உனக்கு வானொலி என்று பேர் வைத்தார்? அந்த வாயை இப்போது திற.

அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறேன். அதற்கு முன் லீவு தரமாட்டேன் என்கிறார்கள்.

அக்கா

20, சனி இரவு

அக்கா,

நீ ரயிலில் இருக்கிறாய். இதைத் தபாலில் போடப்போவதில்லை. நீ திரும்பும்போது உன் பையில் வைப்பேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அப்பா படுத்ததிலிருந்து அவள் பாடி நான் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது தையல் இரைச்சலில் அவளுக்குப் போன் கேட்கவில்லை; நேரம் கழித்துத்தான் பார்த்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடி, சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

"கண்ட்ரோல்ல இருக்காருன்னுதானே சார் சொன்னீங்க?" என்று அம்மா டாக்டரிடம் கேட்டாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு, "அது குழுவோட பேரும்மா. நான்தான் சரியா சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

அம்மா அவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "தெரிஞ்சிருந்தா தைக்கப் போயிருப்பேனா?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்தும் அதையேதான் கேட்கிறாள். சுவரிடம் கேட்கிறாள். வருகிறவர்களிடம் கேட்கிறாள். "நீ இங்கிலீஷ் படிக்கிறவதானே, உனக்குமா தெரியல?" என்றாள். தெரியாதும்மா என்றேன்.

நாளை உன்னிடமும் கேட்பாள். என்னைக் காட்டிக்கொடுக்காதே என்று கெஞ்சத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ இதைப் படிக்கும்போது அவள் கேட்டு முடித்திருப்பாள், நீயும் பதில் சொல்லியிருப்பாய். எதைச் சொல்லியிருந்தாலும் எனக்கு உன்மேல் கோபமில்லை.

ஒன்று மட்டும். இனிமேல் என்னை அந்தப் பெயரில் கூப்பிடாதே.

தங்கை