சிறு ஒழுங்குபடுத்தல்

அன்புள்ள 'அப்புறம்' அவர்களுக்கு,

இந்தப் பட்டப்பெயரைப் பார்த்து நீங்கள் சிரித்தால் உங்கள் பாதிக் கோபம் போயிற்று என்று எடுத்துக்கொள்வேன். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு மூட்டுவலி தேவலை. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் பாதி காற்றாக வருகிறது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

அன்று போனில் எரிந்து விழுந்து, பாதிப் பேச்சில் வைத்துவிட்டேன். காரணத்தை அப்போது சொல்ல வழியில்லை. தபால் உங்கள் கைக்கு வருவதற்குள் விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

எங்கள் இயங்குதளத்தின் அடிக்கருவான கெர்னலில், அதுவும் என் பொறுப்பில் இருக்கும் பகுதியில், ஒரு ஓட்டை. வீட்டைக் காலி செய்தவனிடம் சாவி தங்கிவிட்ட மாதிரி, திருப்பிக் கொடுத்த நினைவகத்துக்குள் ஒரு நிரல் மறுபடி நுழைய முடிகிறது. விவரம் தெரிந்த திருடனுக்கு அது கிடைத்தால் முழுக் கணினியும் அவனுடையது. என் முதல் திருத்தத்தில் சோதனைக் கணினி அப்படியே உறைந்து நின்றது. எங்கள் குழுத் தலைவிதான் தவறைப் பிடித்தார். "சீக்கிரம் செய்யணும்மா, ஆனா அவசரப்படாதே" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது திருத்தம் சரியாக ஓடியது. அதை வெளியிடும்போது ஓட்டை என்று எழுத மாட்டோம், திருடன்தான் முதலில் வாசிப்பான். எல்லோரும் திருத்தத்தைத் தங்கள் கணினியில் போட்டுக்கொள்ள அவகாசம் விட்டு, பிறகுதான் முழு அறிவிப்பு வரும். அதுவரை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது. எனவே திருத்தத்தோடு போகும் குறிப்பில் 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று எழுதினேன்.

அன்று போனில், புது அப்டேட் போட்டாயிற்றா என்று உங்களிடம் சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன். நீங்கள் சிரித்தபடி, "ஏதோ சிறு ஒழுங்குபடுத்தலாம். அதுக்குப் போய் வார்டு மெஷினையெல்லாம் நிறுத்தணுமா? அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்காக நீங்கள் பராமரிக்கும் அத்தனை கருவிகளும் எங்கள் கெர்னலில்தானே ஓடுகின்றன! திருடனை ஏமாற்ற நான் எழுதிய பொய்யை நீங்கள் நம்பிவிட்டீர்கள். உண்மையைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அந்தக் குழந்தைகளை நினைத்துப் பதறித்தான் கத்தினேன், உங்கள் மேல் கோபத்தில் இல்லை.

இன்னும் போடவில்லை என்றால் இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உடனே வார்டுக்குப் போங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

மீதி இதுதான். அப்பா எப்போது வருவார் என்று சின்னவள் தினமும் கேட்பாள். நானும் உங்கள் பாணியிலேயே 'அப்புறம்' என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். இந்த வாரம் அவள் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கருவிகளைப் பார்த்த கையோடு விடுப்பு விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள். அந்த வார்டில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் நன்றாக இருக்கட்டும். இங்கே ஒருத்தி இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சண்டைக்காரி