பல் செட்டில் குற்றமில்லை

அன்புள்ள சின்னவளே,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

நான்கு மாதமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள், மாடியில் துணி காயப்போடுகிறாள் என்றேன். அத்தனையும் பொய். "ஆபரேஷனுக்கு நான் வரலன்னு அம்மாவுக்குக் கோபமாப்பா?" என்று நீ அழுதபோதுகூட மழுப்பிவிட்டேன். என்னைத்தான் நீ திட்ட வேண்டும்.

விஷயம் இதுதான். காதுக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்ததில் இடது பக்கத்து முக நரம்பு நலிந்துவிட்டது. பத்து வருடமாகக் கச்சிதமாக உட்கார்ந்த பல் செட், இப்போது வாயைத் திறந்தாலே நழுவி விழுகிறது; பேச்சும் குழறுகிறது. பல் டாக்டரிடம் மூன்று முறை போனோம். தேய்த்தார், உள்ளே மெத்தென்று ஒரு பூச்சு வைத்தார். கடைசியில், "செட்டுல குத்தமில்லம்மா. அதைப் பிடிச்சுக்க வேண்டிய கன்னம் இன்னும் முழிச்சுக்கல" என்றார். அம்மா ஒரு தாளில், 'முழிச்சதும் சொல்லி அனுப்புறேன்' என்று எழுதி அவரிடம் நீட்டினாள். குறும்பு மட்டும் குறையவில்லை.

பொய் சொல்வதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. அந்தக் காலத்தில் அம்மா டெலிஃபோன் ஆபரேட்டர், நான் லைன்மேன். கம்பத்தில் ஏறிப் பழுது பார்த்ததும் அங்கிருந்தே அவளோடு பேசிச் சரிபார்க்க வேண்டும். "நல்லா கேக்குது, இறங்குங்க" என்பாள். இன்னும் கரகரங்குது என்று சொல்லி இரண்டு தடவை கூடுதலாகப் பேச வைப்பேன். வெயிலில் மண்டை காயும், இறங்க மனசு வராது. ஒருநாள், "கோளாறு லைன்ல இல்ல, உங்களுக்குத்தான்" என்றாள். அடுத்த மாதமே பெண் கேட்டுப் போய்விட்டேன். அப்படிப்பட்டவள் இப்போது ஃபோன் மணி அடித்தால் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

என்னிடம் மட்டும் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மணிக்கணக்காகப் பேசுகிறாள். பாதி எனக்கே பிடிபடாது. "இந்தக் குரலக் கேட்டா புள்ள பயந்துருவா" என்பதுதான் அவள் கவலை. கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு காலை கூப்பிடு. செட் போடாமலே பேசுவாள்.

அழுதுவிடாதே. அவள் சொல்வது ஒன்றுமே விளங்காவிட்டாலும், "என்னம்மா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதே, கண்ணு. உம் கொட்டிக்கொண்டே இரு. அவளாக வைக்கும்வரை நீ வைக்காதே.

நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அப்பா