போட்டி முடியட்டும் என்றேன்

நேற்றுக் காலை ஒரு கண் மருத்துவமனையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நந்தினி, நான் பயிற்சி கொடுக்கும் ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தார்கள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க நர்ஸ் கொடுத்த பஞ்சு என் கையில் இருந்தது. அந்த மருந்து வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்த நாள் எது என்று நீ கேட்பாய். சரிதான். ஆனால் நேற்று வந்தது உன் சாவின் ஞாபகம் இல்லை. இடது கண்ணைப் புறங்கையால் பொத்திக்கொண்டு நீ சிரித்தபடி நின்ற ஞாபகம்.

திண்டுக்கல்லில் ஹேண்ட்பால் என்றால் இன்றைக்கும் பாதிப் பேர் “வாலிபாலா?” என்றுதான் கேட்கிறார்கள். என் அப்பா கடைசி வரை வாலிபால் என்றே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சேவுகம்பட்டியில் பூந்தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த நானும், கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு வைத்திருந்த நீயும் பள்ளியில் ஒரே நாளில்தான் அணியில் சேர்ந்தோம். நான் உயரம் என்பதால் பந்து வீச விட்டார்கள். நீ பயமில்லாதவள் என்பதால் கோலில் நிறுத்தினார்கள். ஆறேழு மீட்டர் தூரத்திலிருந்து எதிராளி முழுப் பலத்தோடு எறிகிற பந்து. தடுக்கிறவளுக்குக் கையுறைகூடக் கிடையாது. கை, கால், வயிறு, எதில் பட்டாலும் சரி, உள்ளே போகக் கூடாது. மற்ற கீப்பர்கள் கடைசி நொடியில் முகத்தைத் திருப்புவார்கள். நீ திருப்பியதே இல்லை. “மூஞ்சியத் திருப்புனா பந்து எங்கிட்டுப் போகுதுன்னு எப்படிடி தெரியும்?” என்பாய்.

கல்லூரிக் கடைசி வருடம் நான் கேப்டன். மாநிலப் போட்டிக்குப் பட்டியல் எழுதும்போது மாற்று கீப்பரை எடுத்துவிட்டு இன்னொரு ஷூட்டரைப் போட்டேன். “நீ இருக்கும்போது எதுக்குடி இன்னொருத்தி?” என்று உன்னிடம் சொன்னேன். உனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு அரசுத் துறை அணிக்கு, வேலையும் கொடுத்து, ஆள் எடுக்க அந்தப் போட்டிக்கு வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அரை இறுதிக்கு முன் வார்ம்-அப். கீப்பரைச் சூடேற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஷூட்டர்கள் வரிசையாக நின்று, அவள் கைக்கு வாகாக, மிதமாக எறிய வேண்டும். தலைப் பக்கம் எறியவே கூடாது. பள்ளியில் முதல் மாதமே கற்றுக்கொண்ட விஷயம். அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு இரண்டு பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓடி வந்து குதித்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி மேல் மூலைக்கு எறிந்தேன். அவர்கள் பார்க்கட்டும் என்று எறிந்தேன். பந்து மூலைக்குப் போகவில்லை.

நீ விழவில்லை. தண்ணீர் அடித்து இடது கண்ணைக் கழுவினாய். “உசிரோடதான் இருக்கேன், அடுத்த பந்தப் போடு” என்று கத்தினாய். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அரை இறுதியில் ஜெயித்தோம்.

அன்று மாலை, தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையில், பெஞ்சுகளுக்கு நடுவே ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டாய்.

“கண்ணுக்குள்ள ஈ பறக்குற மாதிரி இருக்குடி. இடப் பக்கம் ஓரத்துல திரை எறங்குது.”

“வலிக்குதா?”

“வலியே இல்ல. அதான் பயமா இருக்கு. டாக்டர்ட்ட காட்டுவோமா?”

நான் யோசிக்கவே இல்லை. யோசித்தேன் என்று சொன்னாலாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். “இப்பப் போனா நாளைக்கு உன்னைய எறங்க விட மாட்டாங்க. வேற கீப்பர் இல்ல. நாளைக்கு ஒரு நாள்தானடி, போட்டி முடியட்டும்” என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாய்.

இறுதிப் போட்டியில் உனக்கு இடப் பக்கம் வந்த பந்தெல்லாம் உள்ளே போயிற்று. அது ஏன் என்று மைதானத்தில் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வலப் பக்கத்தில் ஒன்றுகூட விடவில்லை நீ. ஒரே ஒரு கோலில் ஜெயித்தோம். அந்த இரண்டு பேர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சந்தோஷத்தில் நான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக மறந்துபோனேன். அந்த வாரமே துறை அணியின் பயிற்சி முகாமுக்குக் கிளம்பிவிட்டேன். பத்து நாள் கழித்து, நடக்கும்போது நீ கதவில் இடித்துக்கொண்டதைப் பார்த்து உன் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனார். விழித்திரை கிழிந்து உரிந்துவிட்டது, அடிபட்ட அன்றைக்கே வந்திருந்தால் ஒட்ட வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

என் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதினோரு வருடம் அந்தத் துறை அணிக்கு ஆடினேன். தேசியப் போட்டிகள், ஒரு தடவை வெளிநாடு, முழங்காலில் இரண்டு ஆபரேஷன். அப்புறம் பயிற்சியாளர் படிப்பு. வீட்டு அலமாரியில் கோப்பைகள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. நீ வடமதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டாய். மைதானத்துப் பக்கம் திரும்பி வரவே இல்லை.

ஒரு விடுமுறையில் கடைக்கு வந்து உன்னைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தாய். வழக்கம்போலக் கேலி பேசினாய். குறி பார்க்க இனி ஒரு கண்ணை மூட வேண்டிய வேலை மிச்சம் என்றாய். பேச்சோடு பேச்சாகக் கேட்டாய்: “வார்ம்-அப்புல எதுக்குடி அம்புட்டு வேகமா அடிச்ச?”

“கை வழுக்கிருச்சுடி” என்றேன்.

“ம்” என்றாய். அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை. அந்த ஒரு வருத்தத்தைத் தவிர வேறெதையும் என்னிடம் நீ மறைத்ததில்லை.

உன் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் அம்மா உன்னை ஏசுவார். “கண்ணுல அடிபட்டு மங்கலாத் தெரிஞ்சா ஒருத்தர்ட்டயாச்சும் சொல்லணுமா வேண்டாமா? கல்லுளிமங்கியா இருந்து கண்ணப் போக்கிக்கிட்டா!” நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நீ என்னைப் பார்க்கக்கூட மாட்டாய். “சரிம்மா, எம் தப்புதான், ரசத்த ஊத்து” என்பாய்.

மூன்று வருடத்துக்கு முன், கடைக்குப் போகப் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தபோது, இடப் பக்கமிருந்து வந்த லாரியை நீ பார்க்கவில்லை. கவனமில்லாமல் கடந்துவிட்டாள் என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். சாவு வீட்டிலும் அதையே பேசினார்கள். நான் மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றேன்.

அதற்குப் பிறகுதான் மாற்றல் கேட்டுத் திண்டுக்கல்லுக்கே பயிற்சியாளராக வந்தேன். என் அணியில் எப்போதும் இரண்டு கீப்பர்கள். வார்ம்-அப்பில் கீப்பரின் தோளுக்கு மேல் யார் எறிந்தாலும் அன்றைக்கு அவளுக்கு ஆட்டம் கிடையாது. இதெல்லாம் செய்தால் ஏதோ சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

நேற்று நந்தினிக்குத் தேர்வுப் போட்டி. இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். காலைப் பயிற்சியில் பந்து அவள் புருவத்தில் பட்டது. “ஒண்ணுமில்லைங்க மேடம், நல்லாத் தெரியுதுங்க” என்று விரலை எண்ணிக் காட்டினாள். எனக்கு அவள் குரல் கேட்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றினேன். டாக்டர் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, கண் அருமையாக இருக்கிறது, மருந்தின் கூச்சம் சாயங்காலம் வரை இருக்கும் என்றார். நாங்கள் திரும்பும்போது போட்டி முடிந்துவிட்டது. மாற்று கீப்பர் ஆடினாள், தோற்றார்கள். நந்தினியின் பெயர் பட்டியலில் இல்லை.

நெய்க்காரப்பட்டியிலிருந்து தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அவள் அப்பா சத்தம்கூடப் போடவில்லை. “ஏனுங்க மேடம், புள்ளதான் நல்லா இருக்கேன்னு சொல்லுச்சாமுங்களே. அதையக் கொஞ்சம் காதுல வாங்கியிருக்கலாமுங்களே” என்றார். நந்தினி கூசுகிற கண்ணைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு அழுதாள். என்னிடம் பேசாமலே போய்விட்டாள்.

கண் போகிறது என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. கண் நன்றாக இருக்கிறது என்று இவள் சொன்னாள், அதையும் கேட்கவில்லை. உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்து இன்னொருத்தியின் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேன். உன் கண்ணும் திரும்பி வரப்போவதில்லை, அவள் வருடமும் வரப்போவதில்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, இன்று மத்தியானம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். பூசைக்குப் போய்விட்டு வந்து சமைத்து வைத்திருந்தார். அவர் காதுக்கு நேற்றைய சேதி எப்படியோ வந்திருந்தது.

“செத்த உக்காரு தாயி, சாப்புட்டுப் பேசுவோம்” என்று இலை போட்டார். சோற்றை வைத்து, வெஞ்சனத்தை அள்ளி வைத்துக்கொண்டே, “புள்ளைக்கு அடிபட்ட ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனியாமே. மகராசி, நீ நல்லாருக்கணும்” என்றார்.

“அம்மா, அது வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“எம் மவ அன்னைக்கு உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவளையும் இப்பிடித்தான தூக்கிட்டு ஓடியிருப்ப?” என் தலையைத் தடவினார். “சொல்லலைல்ல தாயி, உங்கிட்டக்கூட?”

“இல்லம்மா” என்றேன். “சொல்லல.”

அவர் சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைப் பார்த்து ஏச ஆரம்பித்தார். கல்லுளிமங்கி என்றார், அழுத்தக்காரி என்றார், பெத்தவளை இப்படித் தவிக்க விட்டுட்டியேடி என்றார். நீ பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தாய். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.