வியாழக்கிழமை ரோகிணி

செந்தூல்,
சனிக்கிழமை.

அன்பு மகன் குகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே சுரங்க வேலையில் நீயும் நலமாக இருப்பாய் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன், இனி உள்ளதைச் சொல்கிறேன். இரண்டு வாரமாக எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறேன், கதவைப் பூட்டினேனா என்று பார்க்க லிஃப்டில் பாதி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுகிறேன். அப்பா என்னைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், எனக்கும் பாதியில் அழுகை வந்து சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை வாசு இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். உன் தங்கை ஷாமினிக்கு இப்படி ஒரு கடிதம் போவது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஷாமினிக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று போன வாரம் உன்னிடம் பட்டும் படாமலும் சொன்னேன் இல்லையா, கொஞ்சம் இல்லையப்பா. கிள்ளான் வீட்டில் பெரிய வயிற்றோடு துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு வலி ஒன்றும் இல்லாமல் திடீரென்று ரத்தம் போயிருக்கிறது. வாசு பயந்துபோய்ப் போட்டது போட்டபடி காரில் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் வாளி தூக்கினதால் வந்தது என்றேன் நான், உன் சீதாலெட்சுமி அத்தை அன்னாசிப்பழம் தின்றதால் வந்தது என்றார், டாக்டர் ஜனகா சிரித்துவிட்டு இரண்டும் இல்லை, யார் மேலும் தப்பு இல்லை என்றார். நஞ்சுக்கொடி வழக்கமாகக் கருப்பையின் மேல்பக்கம் ஒட்டியிருக்குமாம், இவளுக்கு அது கீழே இறங்கி, பிள்ளை வெளியே வரும் வாய் மேலேயே படர்ந்துகிடக்கிறதாம், வாசலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்ட மாதிரி. நான் இரண்டு பிள்ளை பெற்றவள், பிள்ளைக்குப் பின்னால் அது வரும், எடுத்துப் போடுவார்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு, மூச்சு எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது, கழிவைக்கூட அதுதான் வாங்கித் தாயிடம் கொடுக்கிறது என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வலி எடுத்து அந்த வாய் விரிய ஆரம்பித்தால் கொடி பிய்ந்துவிடும், போகிற ரத்தம் இவளுடையது, நின்றுபோகிற மூச்சு பிள்ளையுடையது. அதனால் வலி எடுக்கும் முன்பே அறுத்து எடுத்துவிட வேண்டும், அதுவரை ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஏற்ற ரத்தத்தைத் தயாராக எடுத்து வைத்திருக்கிறார்கள், பிள்ளையின் நுரையீரல் பலப்பட இவளுக்கு ஊசியும் போட்டாயிற்று. பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பெண், அவள் அம்மா நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிப் புதைப்பாராம், அதைப் பிள்ளையின் உடன்பிறப்பு என்று வைத்திருக்கிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்கும் அதைச் சும்மா நினைக்க முடியவில்லை.

டாக்டர் வருகிற வியாழக்கிழமை என்று நாள் சொன்னார். அவருக்கு அறுவைக்கூடம் கிடைப்பது திங்களும் வியாழனும்தான், இந்தத் திங்கள் பிள்ளைக்குக் கொஞ்சம் சீக்கிரம், அதனால் வியாழன். அங்கேதான் வந்தது வினை. அத்தை தினமும் சூப்பு வைத்துக்கொண்டு வருவார், நல்லவர்தான், உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார், ஆனால் போனில் பஞ்சாங்கத்தையும் வைத்திருக்கிறார். வியாழக்கிழமை முழுக்க ரோகிணி என்று வார்டில் வைத்தே சொல்லிவிட்டார். ரோகிணியில் பிறக்கும் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், அதுவே எனக்குப் போதும். ஷாமினியும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பிய பிறகு அவளே டாக்டரைக் கூப்பிட்டு, வியாழன் வேண்டாம், அதற்கு அடுத்த திங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். அவள் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாதாம், ஆனால் தள்ளிப்போடுவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை ரத்தம் போனால் முதல் தடவை மாதிரி நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது ஆன்டி என்றார். உள்ளே போய் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன், வயிற்றுப்பிள்ளைக்காரி என்றும் பார்க்கவில்லை. அவள் அழவில்லை. எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்மா, சுரங்கத்துல வீடு அளவு லோரி ஓட்டுறாங்க, நாலு நாள்தானே, நான் அசையாம படுத்துக்கிறேன் லா என்றாள். பிறந்த பிறகு மாமன் எண்ணெயில் பிள்ளையின் முகம் பார்த்தால் தோஷம் கழிந்துவிடும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், அண்ணன் எப்போ வந்து பார்க்கிறது, அதுவரைக்கும் நான் எப்படி நிம்மதியா இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ நம்புகிறாயா அம்மா என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியாது. நேற்று கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறும்போது நேராகக் கிள்ளானுக்குப் போகாமல் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கிக் கோயிலுக்குப் போய் உன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் போனேன். அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது குருக்கள் யார் பெயருக்கு என்று கேட்டார், உன் பெயரும் அவள் பெயரும் ஒன்றாக வாயில் வந்து நின்றுவிட்டன. போய்ச் சேர்ந்தபோது தாதி அவள் வயிற்றில் கருவியைக் கட்டிப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்திருந்தார். டகடகவென்று ஓடுகிறது, நிற்காமல் ஓடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். உனக்கு வரும் என்று சொல்வது எப்போதோ, வராமலும் போகலாம். இவளுக்கு வரப்போவது இந்த வாரம், ஸ்கேன் படத்தில் டாக்டர் விரலால் தொட்டுக் காட்டின இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெற்றவள் இப்படிக் கணக்குப் போடலாமா என்று திட்டாதே, போட்டுவிட்டேன், நீயும் என் பிள்ளைதான் என்பதால் உன்னிடமே சொல்கிறேன்.

அவள் நான் சொல்லிக் கேட்கமாட்டாள், வாசு சொன்னால் அழுவாள், அத்தை இப்போது வார்டு பக்கமே வரப் பயப்படுகிறார். நீ சொன்னால் மட்டும்தான் கேட்பாள். கூப்பிட்டு வியாழக்கிழமையே எடுக்கச் சொல்லு. ரோகிணியாவது ஒன்றாவது என்று கேலி செய்யாதே, கேலி செய்தால் நீ மறைக்கிறாய் என்று கண்டுபிடித்துவிடுவாள். என் மருமகப்பிள்ளை எந்த நட்சத்திரத்தில் வந்தாலும் எனக்குச் சந்தோஷம் என்று மட்டும் சொல்லு. உனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தால், இருக்கலாமப்பா, அதில் வெட்கம் இல்லை, அதை என்னிடம் சொல்லு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். அவளிடம் மட்டும் பயமே இல்லை என்று சொல்லிவிடு. உன்னைப் பொய் சொல்லாதே என்று அடித்து வளர்த்த அம்மாதான் இதைக் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் வயிற்றை நிரப்பாதே, தூக்கம் இல்லாமல் லோரியில் ஏறாதே. இந்த மாதம் மட்டுமாவது மற்றவர்கள் கேட்கும் ஷிஃப்டை வாங்கிச் செய்யாதே. திங்கட்கிழமை காலை டாக்டர் பார்க்க வருவதற்குள் பேசிவிடு, நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று தெரியாமல் பேசு. முருகன் உனக்கு நிறைந்த ஆயுளைக் கொடுப்பான். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும், இந்த வீட்டில் அதற்கு இருப்பது உன் மடி ஒன்றுதான். அந்த நாளில் நீங்கள் மூன்று பேரும் என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் எனக்கு வேண்டாம்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா
குமுதா பரமேஸ்வரன்