ஃபேன் போடாத வீடு

வைகாசி, செவ்வாய்க்கிழமை.

காலையில் வீட்டுக்காரரோடு சண்டை. நெட்டில் என் ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு இவரே ஐந்து நட்சத்திரம் போட்டு, "என் பொண்டாட்டி வரைஞ்சு கட்டுன வீடு. அருப்புக்கோட்டை வெயில்லயும் மத்தியானம் ஃபேன் போடாமத் தூங்குறேன்" என்று எழுதியிருந்தார். மானமே போச்சு என்று கத்தினேன். உடனே அழித்துவிட்டார்.

சாயங்காலம் துபாயிலிருந்து, பக்கத்து ஊரான வீரசோழன்காரர் ஒருவர் கூப்பிட்டார். "அருப்புக்கோட்டை ஆர்க்கிடெக்ட்டுன்னு தேடுனேன்க்கா. எல்லா வெப்சைட்டும் ஒண்ணு போலதான் இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் ஃபேன் இல்லாமத் தூங்குறாகன்னு நேத்துப் படிச்சேன். எங்க உம்மாவுக்கு அப்படி ஒரு வீடு வேணும்."

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. திரும்ப எழுதச் சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு கேட்பது?

பக்கத்தில் குறட்டை விடுகிறார். ஃபேன் ஓடவில்லை.